எட்டுப் பேர் சேர்ந்தால்தான் படகு

பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன் எங்கேயும் போவதில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பூக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவில் என் கடை. சென்னை, திருச்சி, மதுரை. மிஞ்சினால் காசி. இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு பயணமாவது ஏற்பாடு செய்து நொந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் பார்த்த மீன்

மாரிமுத்துவுக்கு சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் அலங்கார மீன் பெட்டிகளை வருஷக்கணக்காக அடுக்கி ஏற்றியவர். என்னிடம் இதுவரை திருச்சிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் வந்து உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நீலத் தண்ணீர். பஸ் நீளத்துக்கு ஒரு மீன், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. திமிங்கிலச் சுறாவாம். இந்தோனேசியாவின் கிழக்கே எங்கோ ஒரு தீவு. இரண்டு விமானம் மாறி, அப்புறம் படகு.

"கடிக்குமா?" என்றேன். கடிக்காதாம், பொடி இறால்தான் தின்னுமாம். "பேசாம திருச்சிக்குப் போங்க" என்றேன். மனிதர் நகரவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். மனைவி கமலா ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருக்கிறார், மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்றார். எழுந்து போகும்போது சொன்னார்: "மீனைப் பூரா பிளாஸ்டிக் பையிலதாண்ணே பார்த்திருக்கேன். ஒரு தடவையாவது அது வீட்டுக்கு நான் போக வேணாமா?"

காலி இருக்கை

அந்தத் தீவுக்குப் படகு விடுபவர் ஒரே ஒரு ஆள். போனில் பிடித்தேன். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் நானும், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரும் கத்தினோம். எட்டுப் பேர் இருந்தால்தான் படகு எடுப்பாராம். பருவத்தின் கடைசிப் படகு அது, அதற்கப்புறம் கடல் சரியில்லை. நம் கூட்டம் எட்டு சேராவிட்டால், வேறொரு கூட்டம் தயாராக இருக்கிறது, அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆள் குறைந்தால் அந்த இடத்துக்கும் நாங்களே பணம் கட்டுகிறோம் என்றேன். அந்த மனிதர் சிரித்தார். தீவில் அவருடைய மனைவிதான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். "காலி இருக்கை வந்து என் பெண்டாட்டி கடையில் சோறு சாப்பிடுமா?"

சுறாவின் நேரம்

எட்டுப் பேரைத் திரட்டினார் மாரிமுத்து. அவர், கமலா, கமலாவின் தம்பி குணா, குணாவின் மனைவி, கூட வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். எட்டாவதாக சிவநேசன். யாழ்ப்பாணக் குடும்பம், அலுவலக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாரிமுத்து வீட்டுக்கு மேல்மாடிக்காரர். கடல் ஆமை பார்க்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

குணா தினமும் ஒரு தடவை போன் செய்வான். தீவில் வைஃபை இருக்கா, ஏர்கான் இருக்கா, மழை பெய்தால் என்ன செய்வது. எதற்கும் நான் ஒரு வார்த்தையில்தான் பதில் சொன்னேன். இல்லை, இல்லை, நனைவது. ஒரு நாள் சுறா எப்போது வரும் என்று கேட்டான். மீனவர்கள் கடலில் மரத்தட்டி கட்டி விளக்கு போட்டு மீன் பிடிப்பார்கள், அந்தச் சிதறலைத் தின்ன விடியற்காலையில் வரும் என்று படகுக்காரர் சொன்னதைச் சொன்னேன். பையன் விடவில்லை. "அங்கிள், லீவுல யாரு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பா? லஞ்சுக்கு மேல ஒரு ஸ்லாட் கேட்டுப் பாருங்க லா."

புரட்டாசி

தேதி புரட்டாசியில் விழுந்தது. அது கடைசிப் படகின் தேதி, என் தேதி இல்லை. கமலா புரட்டாசி முழுக்கச் சைவம். கூட வருகிறவர்களில் இன்னும் மூன்று பேரும் சைவம். தீவுக்கு மறுபடியும் போன். காய்கறி இருக்கா என்றேன். இருக்கு என்றார். என்ன காய் என்றேன். மீன் என்றார்.

கடைசியில் பருப்பு, புளி, அப்பளம், ஊறுகாய் எல்லாம் இங்கேயே கட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. என் கடையில் வேலை பார்க்கும் பரிமளா ஒரு பாத்திரத்தையும் சேர்த்தாள், தீவுச் சட்டியில் மீன் வாசனை அடிக்கும் என்று. மாரிமுத்து சைவம் இல்லை. அவருக்கு மீன் வறுத்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. "பார்க்கப் போன வீட்டு ஆளையே இலையில வெச்சா எப்படிண்ணே சாப்பிடறது?"

ஆரஞ்சுச் சட்டை

கமலாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்ததில்லை என்றார். சரி, மிதவைச் சட்டை ஒன்று வாங்கி வையுங்கள் என்று சொன்னது என் தப்பு. மறுநாள் மதியம் கடைக்குள் அதைப் போட்டுக்கொண்டே வந்தார். சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறம், கழுத்தில் விசில். வரிசையில் நின்ற சென்னைப் பயணிகள் விமானத்தில் ஏதோ கோளாறு என்று பயந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, தனக்கு ஏன் அது கொடுக்கவில்லை என்று சண்டை போட்டார்.

பழகிக்கொள்ளத்தான் போட்டிருக்கிறாராம். பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்களாம். நாடா இறுக்கமாக இருக்கிறதா என்று பரிமளா சரிபார்த்தாள். கமலா என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு படகுலயே உட்கார்ந்திருந்தாலும் சுறா பார்த்த கணக்குதானே?"

ராகு காலத்தில் விமானம்

எல்லாம் முடிந்து மூச்சு விட்டபோது கமலா நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு விமானம். பத்தரைக்குத் தொடங்கும் ராகு காலம். இவர் வர மாட்டார். இவர் வராவிட்டால் ஏழு பேர். ஏழு பேர் என்றால் படகு இல்லை. மாரிமுத்து என் மேசை முன்னால் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. விமானி சூலம் பார்த்தா ஓட்டுகிறான் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

பரிமளா முந்திக்கொண்டாள். "பரஸ்தானம் வெச்சுடலாம் அக்கா." இது நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்த வழி. கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பையை எடுத்துப் போய் வேறொருவர் இடத்தில் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ராகு எதுவும் கேட்க முடியாது. கமலாவின் முகம் தெளிந்தது. புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் எட்டுப் பேரும் வரிசையாக வந்து, எட்டுப் பைகளையும் என் கடையில் வைத்தார்கள். கால் நீட்ட இடமில்லை. அப்பள மூட்டை என் நாற்காலியில். நான் முறைத்ததும் குணா தட்டிக்கொடுத்தான்: "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள், நாங்க ஆல்ரெடி கிளம்பிட்டோம்."

ஆள் இல்லாத பை

வியாழக்கிழமை காலை சிவநேசன் போன் செய்தார். குரலே பாடியது. தஞ்சோங் பகாரில் இருக்கும் மகளுக்கு நாள் தள்ளித்தான் பிரசவம் என்றிருந்தது, விடியலில் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. யாரைத் திட்டுவது? வாழ்த்துச் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார், ஆனால் கொஞ்சம்தான். "ஆமை எங்கயும் போகாது ஐசே, பேரன் இண்டைக்குத்தான் வந்திருக்கிறான்."

ஏழு. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒரு நாள் இடைவெளியில் யாருக்கு லீவு கிடைக்கும்? மாரிமுத்து மத்தியானம் வந்தார். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். தன் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைண்ணே, யூடியூப்ல பார்த்துக்கறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனதும் பரிமளா என் மேசை இழுப்பறையைத் திறந்தாள். எல்லை தாண்டி ஜொகூர் போய்வர நான் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து முன்னால் வைத்தாள். எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். கமலா அக்காவுக்கும் தெரியாது என்றாள். கடையை யார் பார்ப்பது என்றேன். இவ்வளவு நாள் யார் பார்த்தது என்று கேட்டாள். மாற்றுத் துணி இல்லை என்றேன், அது கடைசி வாதம். சிவநேசனுக்கு அவளே ஏற்கெனவே போன் செய்து கேட்டிருக்கிறாள். துணியெல்லாம் புதுசு, தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும் என்றாராம். வெளியே வைத்த பையைப் போகாமல் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோவதும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். நான் அந்தப் பையைப் பார்த்தேன். பரிமளா டிக்கெட் போட கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள். "பை கிளம்பிடுச்சு அண்ணே. இனிமே ஆள்தான் போய்ச் சேரணும்."

வீட்டில் மீன்

விமானத்தில் தூங்கினேன். படகில் வாந்தி எடுத்தேன். தீவில் இறங்கியதும் படகுக்காரர் ஒவ்வொருவராக எண்ணினார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். சிவநேசன் எனக்கு இரண்டு அளவு பெரியவர், நான் போட்டிருந்த அவர் சட்டையில் முழுக்கச் செம்பருத்திப் பூ. சாப்பிடுவீர்களா என்று படகுக்காரர் கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். எட்டு என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடியலில் மரத்தட்டிக்குப் போனோம். குணா எல்லோருக்கும் முன்னால் எழுந்து படகில் உட்கார்ந்திருந்தான். தண்ணீருக்குள் முதலில் ஒரு நிழல். அப்புறம் புள்ளிகள். அப்புறம் முடியவே முடியாத ஒரு முதுகு. மாரிமுத்து சத்தமில்லாமல் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் கேட்டுத் திரும்பினால், கமலா ஏணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில். பயத்தில் ஊதினாரா, சந்தோஷத்தில் ஊதினாரா, இன்றுவரை சொல்லவில்லை. நானும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வேறு என்ன செய்வது, படகில் தனியாகவா உட்கார்ந்திருப்பது? சுறா என் காலடியில் போயிற்று. அவசரமே இல்லாமல் போயிற்று. எனக்கும் அவசரம் தோன்றவில்லை.

மாரிமுத்து தலையைத் தூக்கினார். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் போயிருந்தது, கடல் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம். வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, இதுக்கு எந்தப் பெட்டியும் பத்தாது லா!"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அடுத்தவன் பையைக் கடைக்குள் வைக்க இடம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் வயசான காலத்தில் செம்பருத்திப் பூச் சட்டையோடு கடலில் இறங்க வேண்டிவரும், அடுத்த பருவத்துக்கு எட்டுப் பேர் சேர்கிறார்களா என்று நீங்களே போன் போட்டு விசாரிக்கவும் வேண்டிவரும்.