மச்சான் வரும் வரை வைத்திருந்தோம்

வடக்கே, சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒரு ஜூன் மத்தியானம் படுத்த என் மனைவி எழுந்திருக்கவில்லை. நான் ஆபீஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அவளுக்கு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி. அதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ராத்திரியில் போட்டுக்கொள்வாள். போலீஸ் அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டது. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகவில்லை, சட்டப்படி உடலை அறுத்துப் பார்த்தே ஆகணும் என்றார்கள்.

மதுரையிலிருந்து அவள் அண்ணன் போனில் பேசினார். "பெத்த வீட்டு ஆளு பாக்காம கத்தி வைக்கக் கூடாது. கோடிச் சேலையோட நான் வர்றேன்." போலீஸும் அதுதான் நல்லது என்றது. ரயில் லேட். மார்ச்சுவரியில் கரண்ட் வந்து வந்து போனது. அவர் வந்த பிறகுதான் அறுத்தார்கள். காரியம் முடிந்ததும் என் சின்னஞ்சிறு மகளைக் கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டும் என்று கூட்டிப் போனார்.

ரிப்போர்ட் வர மாதங்கள் ஆயின. ரத்தத்தில் அந்த மருந்து அளவுக்கு மேல் என்று இருந்தது.

மச்சான் போன் செய்தார். "அட்டை அட்டையா முழுங்கியிருக்கா. ஆபீசருங்களுக்கெல்லாம் கார் கதவு தொறந்து விடுறீங்களே, வீட்டுக் கதவைத் தொறந்து என்னம்மான்னு கேட்டீங்களா? புள்ள இங்கயே இருக்கும்."

முழுங்கியிருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. வண்டி ஓட்டினேன். சாப்பிட்டேன். தூங்கினேன்.

போலீஸ் கேட்டு வேறொரு பெரிய டாக்டர் காகிதங்களைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார்.

"ரத்தம் நெஞ்சிலிருந்து எடுத்திருக்காங்க, தம்பி. உயிர் போனதும் ஈரல், நுரையீரல்ல இருக்கிற மருந்து கசிஞ்சு அங்க வந்து சேரும். நாளாக ஆக அளவு ஏறும். தொடையில எடுத்திருந்தா இவ்வளவு ஏறாது. எடுக்கல."

"அப்ப அவ சாகறதுக்குன்னு சாப்பிடலையா?"

"இந்த நம்பரை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. இரைப்பையில மாத்திரை இல்ல. இதய வால்வு ரொம்ப நாளாவே கெட்டிருக்கு. அதுலதான் போயிருக்காங்கன்னு நினைக்கிறேன். அப்படித்தான் எழுதப் போறேன்."

அச்சா என்றேன்.

லீவு போட்டு மதுரைக்குப் போனேன். மச்சானை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன்.

"எனக்காக வச்சிருந்ததுலதான் ஏறுச்சா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு."

"நான் வர்றதுக்கு முன்னயே முடிச்சிருக்கலாமே, மாப்ள."

"முடிச்சிருந்தா நம்பியிருப்பீங்களா, மச்சான்?"

அவர் உள்ளே பார்த்து, பாப்பா துணியை எடுத்து வை என்று தன் மனைவியிடம் சொன்னார்.

மகள் வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.