முன்பல்லை நம்பி ஒரு கிளாரினெட்

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்பதற்காகப் பல் தேய்ப்பதையே நிறுத்தியவன் நான். எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்த முட்டாள்தனத்துக்குத்தான் வந்தாக வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றேகால் வருஷம். ‘புண்ணாயிருக்கு, தொந்தரவு பண்ணாமல் விட்டால் ஆறிவிடும்’ என்பது என் வைத்தியம். காலையில் வாயைக் கொப்பளித்து, வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். பிரஷ்ஷை மட்டும் வீணாக்கவில்லை. என் கிளாரினெட்டின் இடுக்குகளில் சேர்ந்த தூசியை அதை வைத்துத் தட்டினேன். அந்த நாட்களில் மைசூரில் என் வாயைவிட என் வாத்தியம் சுத்தமாக இருந்தது.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கல்யாண பேண்டின் கடை. வாசலில் சிவப்புக் கோட்டுகள் தொங்கும். நான் முதல் கிளாரினெட். ஊர்வலத்தில் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு போவது நான்தான், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். கிளாரினெட்டை உதட்டால் ஊதுவதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கீழே உதடு தாங்கும், அது சரி. மேலே முன்பற்கள் இரண்டும் வாத்தியத்தின் வாய்முனைமேல் நேராக உட்கார்ந்திருக்கும். உச்ச ஸ்தாயிக்குப் போகப் போகக் கடி இறுகும். அந்த இரண்டு பல் ஆடினால் பாட்டும் ஆடும்.

முதலில் வந்தது நாற்றம். எனக்குத் தெரியவில்லை, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மார்வாடிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரையின் பக்கத்தில் நின்று வாசித்தேன். பாட்டு முடிந்ததும் அதன் கழுத்தைத் தட்டி நல்லதாக நாலு வார்த்தை பேசினேன். அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. திமிர் பிடித்த குதிரை என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“குதிரைக்கு இருக்கிற ரோஷம் எனக்கு இல்லாமப் போச்சு. நான் வருஷக்கணக்கா மூஞ்சியத் திருப்பாமதானே இருக்கேன்” என்றாள்.

அப்புறம் பல் ஆடத் தொடங்கியது. நாக்கால் தள்ளினால் நகரும். ஈறு பல்லை விட்டு மேலே ஒதுங்கிப் போய், பல் குதிரைப் பல்லைப்போல நீளமாகத் தெரிந்தது. ஒத்திகையில் உச்ச ஸ்தாயியைப் பிடித்தேன், அது நடுங்கியது. பேண்ட் மாஸ்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

“ஏன்ப்பா, சுருதி என்ன ஊஞ்சல் ஆடுதா?”

“பல்லு ஸ்வல்ப ஆடுது மேஷ்ட்ரே.”

“முகூர்த்த சீசனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிக்கோ. ஆகலேன்னா கிளாரினெட்டை இங்க வச்சுட்டு நீ மராக்கஸ் எடுத்துக்கோ. அதுக்குப் பல்லு பேடா, வேண்டவே வேண்டாம்.”

மராக்கஸ் என்பது கடைசி வரிசையில் நின்று கிலுகிலுப்பை மாதிரி ஆட்டுகிற சமாசாரம். பதினெட்டு வருஷம் ஊதியவன் அதை ஆட்டிக்கொண்டு, தன் மெட்டை வேறொருவன் வாசிப்பதைக் கேட்டபடி நடக்க வேண்டும். அன்று நான் ஜோக் அடிக்கவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள். மறுநாளே ஆட்டோ பிடித்து என்னை அக்ரஹாரம் பக்கம் ஒரு மாடிக்கு இழுத்துப் போனாள்.

பல் டாக்டரம்மா கொள்ளேகால் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். என் அப்பா அதே பக்கத்து மார்டள்ளியிலிருந்து வந்தவர் என்றதும் பேச்சு நம்மூர்ப் பேச்சாகிவிட்டது. இரண்டு கருவிகளின் பின்முனையால் என் முன்பல்லைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். என் கதையை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை.

“ஏனுங்ணா, வயல்ல களை மொளச்சா, களை எடுக்கறத நிறுத்திருவீங்களா?”

“ரத்தம் வந்துச்சுங்களே.”

“அழுக்கு இருக்கறதாலதானுங்க ரத்தமே வருது. தேச்சதால வந்துச்சுன்னு நீங்க நெனச்சுக்கிட்டீங்க.”

கண்ணாடியை என் கையில் கொடுத்துக் காட்டினார். சாப்பிட்டதும் பல்லில் படிகிற பிசுபிசுப்பை எடுக்காமல் விட்டால் அது எச்சிலோடு சேர்ந்து காரையாகக் கெட்டிப்படும். காரை ஈறுக்கு அடியில் இறங்கும். ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகும். அந்தச் சந்துக்குள் இன்னும் அழுக்கு போகும். கடைசியில் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பே கரையும். எல்லாம் வலியில்லாமல் நடக்கும், அதுதான் இதில் மோசம் என்றார். பழியில் வெற்றிலைக்கும் ஒரு பங்கு கொடுத்தார். நான் என் பேரறிவைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

“காரைதான் பல்லைப் பிடிச்சு நிக்குதுன்னு சொல்றாங்களே டாக்டரம்மா. எடுத்தா எல்லாம் விழுந்துடாதா?”

“கரையான் புத்துதான் செவுத்தத் தாங்குதுன்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க.”

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“போன எலும்பு திரும்ப வராதுங்க” என்றார் டாக்டரம்மா. “மிச்சம் இருக்கறது போகாமப் பாத்துக்கலாம். வாசிக்க முடியுமான்னு இப்பவே சொல்ல மாட்டேன். அடுத்த தடவ வாத்தியத்தக் கொண்டு வாங்க.”

கொண்டுபோனேன். கழுத்தில் பச்சைத் துணி கட்டி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க, அவர் ஒரு விரலை என் மேலுதட்டின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். வெளியே காத்திருந்த பெரியவர் ஒருவர் கம்பவுண்டரிடம், “ஒளகடெ மதுவெ நடீதிதியா?” என்று உள்ளே கல்யாணம் நடக்கிறதா என விசாரித்தது எனக்கே கேட்டது. டாக்டரம்மா கண்ணைத் திறக்காமல், “மேல போங்க, இன்னும் மேல” என்றார். உச்ச ஸ்தாயியில் விரலை எடுத்தார்.

“இடது பல்லுதானுங்க நடுங்குது. வலது அதுக்குத் தொணைக்கு ஆடுது.”

பதினெட்டு வருஷமாக அந்தப் பல்லை வைத்து வாசிக்கிறேன். எது இடது எது வலது என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

ஐந்து வாரம் ஊதக் கூடாது என்றார். அந்த ஐந்து வாரத்தில் நாலு முறை போனேன். மரத்துப்போக ஊசி போட்டு, கொக்கி மாதிரி ஒரு கருவியை ஈறுக்கு அடியில் விட்டு வேரைச் சுரண்டுவார். அந்த வேலையைப் பற்றித்தான் எனக்கு இன்றும் சொல்லி மாளாது. ஈறுக்குள்ளே அவருக்கு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியாலும் காதாலும்தான் வேலை செய்தார். முதலில் கரகரவென்று சத்தம் வரும். அவர் அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுப்பார். கரகரப்பு தேய்ந்து, வழவழப்பான ஒரு மெல்லிய சத்தம் வந்த பிறகுதான் அடுத்த இடம். நடுவில் மணிக்கட்டை உதறிக்கொள்வார், மறுபடி குனிவார். ஒரு முறை, வெளியே ஆட்டோ ஹாரன் ஓய்கிற வரைக்கும் கருவியை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். சுருதி சேர்க்கிறவர்கள் அப்படிக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருந்ததால் ஆஹா என்று சொல்ல முடியவில்லை. ‘ஆ’ மட்டும் சொன்னேன்.

“வலிக்குதுங்களா?”

தலையை இல்லை என்று ஆட்டினேன். “அப்ப சும்மா இருங்க.”

பிறகு முன்பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றைப் பசைபோட்டு ஒட்டி, ஆடுகிற இரண்டையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார்.

“தங்கமுங்களா?”

“ஸ்டீலுங்க.”

வாய்முனையில் பல் படுகிற இடத்துக்கு மெத்தென்று ஏதாவது ஒட்டுங்கள், அழுத்தம் பல்லில் இறங்காது என்றும் சொன்னார். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற டியூபில் ஒரு துண்டு வாங்கி, நகத்தளவு வெட்டி ஒட்டினேன். பிரஷ்ஷும் புதிதாக வாங்கிக் கொடுத்து, மிருதுவான நாரைச் சாய்த்துப் பிடித்து ஈறு ஓரத்தில் மெல்ல அசைக்கக் கற்றுக் கொடுத்தார். முதல் வாரம் ரத்தம் வந்தது. பயந்துகொண்டே தேய்த்தேன். இரண்டாம் வாரம் குறைந்தது. மூன்றாம் வாரம் துப்பியது வெள்ளையாக இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, மேல தண்ணி ஊத்துங்க” என்றாள். வெற்றிலையையும் விட்டேன். அதை விட்டதற்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்.

சீசனின் முதல் கல்யாணம். சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. மெட்டை எடுத்தேன். உச்ச ஸ்தாயிக்கு முன்னால் ஒரு நொடி பயம், அப்புறம் போய் நின்றேன். சுருதி நேராக நின்றது. பழைய கணீரென்ற சத்தம் முழுதாக வரவில்லை, ரப்பரால் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனால் நடுங்கவில்லை. பேண்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மராக்கஸ் என்ற பேச்சே அன்றிலிருந்து எழவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். முன்பற்களின் ஈறைச் சுற்றி ஊசிமுனை போன்ற அளவுகோலை விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கருவிகளால் பிடித்து அசைத்தார், அசையவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அது போதும், நான் எழுந்து உட்கார்ந்து சொற்பொழிவைத் தொடங்கினேன்.

“டாக்டரம்மா, நீங்க இல்லேன்னா நான் கிலுகிலுப்பை ஆட்டிக்கிட்டு இருப்பேனுங்க. உங்க வீட்டுல எந்த விசேஷம்னாலும் எங்க பேண்டு முன்னால வந்து நிக்கும். இந்த முன்பல்லு ரெண்டையும் காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், நீங்க சொன்ன மாதிரியே சாய்ச்சுப் பிடிச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு, சாமிக்கு அபிஷேகம் பண்ற மாதிரி தேய்க்கறேனுங்க.”

அவர் என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே கடைசிவரைக்கும் விட்டு, விளக்கைத் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கடவாப் பல்ல யாரு வந்து தேய்ப்பாங்க?”