புத்தூர் நால்ரோட்டு அமிர்தம்

புத்தூர் நால்ரோட்டில் அமிர்தத்தின் தள்ளுவண்டி, இரண்டாவது ஆட்டம் சினிமா விடும் நேரத்தில்தான் களைகட்டும். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள், டூட்டி முடிந்த கண்டக்டர்கள் எல்லோரும் அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைச் சுற்றி நின்று இட்லியும் குடல் குழம்பும் சாப்பிடுவார்கள்.

லால்குடிப் பக்கம் பிறந்தவள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கணவன் பிச்சைமுத்து முதுகில் அடிபட்டுப் படுத்த வருஷம் வண்டி தள்ள ஆரம்பித்தாள். கை வேலையாக இருந்தாலும் வாய் ஓயாது. யார் தங்கைக்கு வரன் வந்தது, யார் அப்பாவை வார்டு மாற்றினார்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பாள். முகம் வாடி நிற்பவரின் இலையில் கேட்காமலே இன்னொரு இட்லி விழும்.

எழுபத்தேழு நவம்பரில் வெள்ளம் வந்து வண்டியை அடித்துக்கொண்டு போனது. அமிர்தமும் பிச்சைமுத்துவும் பக்கத்துப் பள்ளிக்கூட மாடியில் ஏறியபோது பாதித் தெரு அங்கே இருந்தது. காலையில் யாரோ படகில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார்கள். யார் சமைப்பது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருக்க, அமிர்தம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். உடைந்த பெஞ்சுகள் விறகாயின. தண்ணீர் வடியும்வரை அந்த மாடிக்கே அவள் கைச் சோறுதான்.

அங்கே சாப்பிட்டவர்களில் ஹபீபுல்லாவும் ஒருவர். நால்ரோட்டருகே இருந்த அவருடைய ஜவுளிக் கிடங்கில் சேறு புகுந்து சரக்கெல்லாம் வீணாகியிருந்தது. வெள்ளம் வடிந்ததும் அமிர்தத்தை அழைத்துப்போய் அதைக் காட்டினார்.

"இனிமே இங்க துணி வைக்க மனசு வரலம்மா. நீங்க அடுப்பு வைங்க" என்றார்.

"வண்டிக்காரி நான். எனக்கு எதுக்கு பாய் இவ்வளவு பெரிய எடம்?"

"அந்த மாடியில எத்தனை பேருக்கு ஆக்குனீங்க? அதைவிடப் பெருசா இது?"

சேற்றை வாரி, சுண்ணாம்பு அடித்து, பொங்கல் கழித்து ஹோட்டலைத் திறந்தார்கள். கல்லாவில் பிச்சைமுத்து உட்கார்ந்தான். ஹோட்டல்காரி தெருவில் நிற்கிற மாதிரி இருக்கக்கூடாது என்று நினைத்து அமிர்தம் பின்கட்டுச் சமையலறையோடு இருந்துகொண்டாள். வந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் கூட்டம் குறைந்தது. குழம்பில் ஏதோ கெட்டுவிட்டது என்று பிச்சைமுத்து சொன்னான். அவள் திரும்பத் திரும்ப ருசித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் கண்டக்டர் வெள்ளைச்சாமி இலையைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்து அடுப்போரம் நின்றே சாப்பிட்டார். பெஞ்சு இருக்கே என்றாள் அமிர்தம்.

"அங்க உக்காந்தா தெரியாதவங்க வீட்டு விசேஷத்துக்கு வந்த மாதிரி இருக்குக்கா. நீங்க ரெண்டு வார்த்தை கேட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு அடுப்பை வாசலுக்கு மாற்றினாள். வருகிறவர்கள் முதலில் அவளிடம் நாலு கதை பேசிவிட்டுத்தான் பெஞ்சுக்குப் போனார்கள். பழைய கூட்டம் திரும்பியது, புதுக் கூட்டமும் சேர்ந்தது.

எண்பதுகளில் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். ஒரு சாயங்காலம் டோரதி டீச்சர், தபாலாபீஸில் வேலை பார்க்கும் கணவர் அடைக்கலராஜுடன் முதல் தடவையாக வந்தார். அமிர்தம் அடைக்கலராஜைப் பார்த்ததும், "சாருக்கு வழக்கம்போல நாலு இட்லியும் குழம்பும்தானே?" என்று கேட்டுவிட்டாள்.

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினார். "நைட் டூட்டி முடிஞ்சு வந்து பசிக்கலைன்னு படுத்துக்கிறது இதனாலதானா?"

அடைக்கலராஜ் குனிந்து இலையில் தண்ணீர் தெளித்தார். அமிர்தம் டீச்சர் இலையில் குழம்பைத் தாராளமாக ஊற்றினாள். டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டார், பிறகு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் டீச்சர் வீட்டில் இரவுச் சமையல் கிடையாது.