பிரேக் இன்ஸ்பெக்டரும் என் மீன் ஆட்டோவும்

பழவேற்காட்டிலேயே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வாதாடி ஜெயித்தவன் நான் ஒருவன்தான். பொய். வாதாடினேன், அவ்வளவுதான்.

மீன் ஆட்டோவை எஃப்.சி.க்குக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் மறுநாள் இறால் ஏற்ற முடியாது. இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இன்னாய்யா பிரேக் இப்டி கத்துது? லைனிங் தேஞ்சிபோச்சு. ஃபெயில்."

"மாத்தி ஒரு வாரம்கூட ஆவல சார். கழட்டிப் பாக்காமலே எப்டி சொல்றீங்க?"

"அப்ப நீயே கழட்டு."

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தேன். லைனிங் புதுசாகவே இருந்தது. கூடவே ஒரு கை ஏரி மணல் கொட்டியது.

"இது எப்டி உள்ள போச்சு?"

பளபளவென்று இருந்தால் பாஸ் போடுவார் என்று, காலையில் வண்டியை ஏரிக்குள் இறக்கிக் குளிப்பாட்டியதைச் சொன்னேன்.

"முதுகு தேய்ச்சி வுட்டியா?" என்று சிரித்தார்.

மணலைத் துடைத்து மாட்டினேன். மறுபடி ஓட்டினார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது, அந்தச் சந்தோஷத்தில் ஒன்றுமில்லாத இடத்திலெல்லாம் பிரேக் போட்டேன். டச்சுக் கல்லறை பக்கத்தில் ஒரு ஆடு நின்றது. அதற்கும் மரியாதையாக நிறுத்தினேன். அப்போது அந்த ஆடு என்ன செய்தது என்றால்...

இருங்கள், என் பெண்சாதி கூப்பிடுகிறாள்.

"யோவ், பேசனது போதும். இறா வந்துட்சி, வண்டிய எடு."