வாகிமின் வீட்டு பாட்டில்

வாகிமின் என்கிற தையல்காரர் சாராயம் காய்ச்சுகிறார் என்று தெருத் தலைவர் ஹர்தோயோவிடம் சொன்னது நான்தான். அதற்காக வெட்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாத நாற்றமா? அளவெடுக்கும்போதுகூட நாலு வார்த்தை பேசாத அந்த மனிதர் வாராவாரம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் வாங்குகிறார். ரொட்டி சுட்டு நான் பார்த்ததே இல்லை.

ஹர்தோயோ என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தையல் மெஷினுக்கு அடியில் ஒரு பாட்டில் நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பாக் வாகிமின், பள்ளிவாசல்ல முதல் வரிசையில நிக்கிற ஆளு நீங்க. இது என்ன?" என்று, 'ஐயா' என்பதற்கான அந்த 'பாக்'கை விடாமலே ஹர்தோயோ கேட்டார்.

"எனக்கில்ல பாக். அதுங்களுக்கு."

பாட்டிலிலிருந்து போன மெல்லிய குழாய் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. உள்ளே மீன் இல்லை, செடிகள்தான்.

"செடி குடிக்குதாக்கும்!" என்றேன்.

"சர்க்கரை புளிச்சா காத்து வரும். இதுங்களுக்கு அதுதான் சாப்பாடு. ஆனா வெளிச்சம் இல்லாம சாப்பிடாது" என்று சொல்லித் தொட்டி விளக்கைப் போட்டார்.

மூவரும் குந்தியிருந்து பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்து, ஓர் இலை ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் குமிழி ஒன்று முளைத்தது. பிறகு எல்லா இலைகளிலிருந்தும் சரம் சரமாகக் குமிழிகள் ஏறின.

"மூச்சு விடுது பாரு" என்று ஹர்தோயோ கிசுகிசுத்தார்.

அடுத்த வாரம் ஹர்தோயோவின் மனைவி என் வாசலுக்கு வந்தாள். "அக்கா, கொஞ்சம் வந்து மோந்து பாருங்களேன். எங்க வீட்டுக்காரர் சோபாவுக்கு அடியில என்னமோ ஒளிச்சு வெச்சிருக்காரு."

எனக்கு ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் உள்ளே வந்திருந்தால் என் பாட்டிலையும் மோந்திருப்பாள்.