ஐஸ்காரர் கை

ஐஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷம் பாளம் தூக்கிய கை எப்படி இருக்கும்? மரக்கட்டை மாதிரி, தொட்டால் சில்லென்று. ஐஸ்காரர் அதனாலேயே யாருக்கும் கை கொடுக்க மாட்டார், பாக்கெட்டிலேயே ஒளித்து வைத்திருப்பார். "உங்க கை பட்டாலே சோறு ஆறிப்போகுது" என்று பெண்டாட்டி கிண்டலடிப்பாள்.

அவருக்குக் குடலில் புற்று. வெட்டி எடுத்தால் பிழைக்கலாம், ஆனால் இருதயமும் பலவீனம். மயக்க மருந்து டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"ஆபரேஷன்ல ட்ரிப்ஸ் ஏத்தணும். கூடிப்போனா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். கொறஞ்சா கிட்னி அடிவாங்கும். உங்க இருதயம் ரெண்டையும் தாங்காது. இந்தப் பட்டையை விரல்ல மாட்டிட்டா, எப்ப ஏத்தணும், எப்ப நிறுத்தணும்னு மிஷின் காட்டிக்கிட்டே இருக்கும். கழுத்துல குழாய் சொருக வேணாம்."

மாட்டிப் பார்த்தார்கள். திரையில் கோடு அசையாமல் படுத்துக்கிடந்தது.

"நான் இருக்கேனா, போய்ட்டேனா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "விரல் இப்படிக் குளிர்ந்து கெடந்தா இது வேலைக்காகாது."

ஆபரேஷன் தியேட்டரில் உதவிக்கு இருக்கும் அம்மா ஒருவர், ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் சித்தி. பக்கத்தில் நின்றவர், ஐஸ்காரர் கையை வெடுக்கென்று இழுத்துத் தன் இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டார். கால் மணி நேரம் போயிருக்கும். கோடு மெள்ள எழுந்து மேடும் பள்ளமுமாய் ஓட ஆரம்பித்தது.

"நாளைக்கும் நான் புடிச்சுக்கறேன் டாக்டர்."

"நாலு மணி நேரம் ஆகுமே சித்தி?"

"எங்க மாமியாரோட இருபது வருஷம் ஓட்டுனவ நான். இதெல்லாம் ஒரு நேரமா?"

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த பிறகு டாக்டரம்மா சொல்லித்தான் ஐஸ்காரருக்கு மீதி தெரியும். "ரெண்டு தடவை பிரஷர் விழுந்துச்சு. மிஷின் இல்லன்னா ட்ரிப்ஸைத் தொறந்து விட்டிருப்பேன், நுரையீரல் ரொம்பியிருக்கும். தண்ணி போதும்னு அது காட்டுச்சு, மருந்து குடுத்துப் பிரஷரை ஏத்திட்டேன். சித்தி கடைசி வரைக்கும் சூட்டுத் துணியோட உங்க கையை விடல."

எட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஐஸ்காரர் போகாமல் தியேட்டர் வாசலிலேயே நின்றார். சித்தி வண்டி தள்ளிக்கொண்டு வந்தார். ஐஸ்காரர் வலது கையை நீட்டினார்.

பிடித்த சித்திக்கு ஆச்சரியம். "அட, என்னண்ணே, கை சூடா இருக்கு!"

"அதை ஏன் கேக்கறீங்க," என்றாள் பெண்டாட்டி. "மூணு டீ வாங்கிக் கையிலயே புடிச்சுக்கிட்டு நின்னாரு. ஒண்ணைக்கூடக் குடிக்கல. மூணும் ஆறிப்போச்சு."