சிட்டுவின் கைக்கு ஏற்ற ரீல்

அவளைச் சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு ஆளும் குருவி மாதிரி இருப்பாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நல்ல வளர்த்தி, நல்ல குரல். கோபம் வந்து ஒரு சத்தம் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். கை மட்டும்தான் சின்னது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கையுறை அவளுக்குச் சரியாக இருக்கும். “உன்னைச் செஞ்சப்ப கைக்கு வரதுக்குள்ள மாவு தீந்துபோச்சு போல” என்று அண்ணி கேலி செய்வாள். சிட்டுவுக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகச் செருப்புக் கடையில் ஊரார் காலுக்கெல்லாம் அளவு பார்க்கிறாள். ஷூவுக்குள் விரலை விட்டு, தையல் எந்த இடத்தில் உறுத்துகிறது என்று தடவியே சொல்லிவிடுவாள். பெரிய கை அதற்குள் நுழையுமா?

கடையில் அவள் வைத்ததுதான் சட்டம். யாராவது உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்துவிட்டு “சரியா இருக்கு, கட்டுங்க” என்று சொன்னால் விடமாட்டாள். “எந்திரிச்சு நடங்க. வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க. உக்காந்திருக்கிற காலுக்கு எல்லாச் செருப்பும் சரியாத்தான் இருக்கும்” என்பாள். காலையில் வருகிறவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். நாளெல்லாம் நின்று அலுத்த காலில் போட்டுப் பார்த்தால்தான் நிஜம் தெரியுமாம். வந்த வியாபாரத்தைத் துரத்துகிறாளே என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் மாட்டிவிட்ட செருப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் அடித்துக்கொண்டதோடு சரி.

லீவு நாள் வந்தால் அவள் ஆளே வேறு. அண்ணனிடம் ஓர் அலுமினியப் படகு இருந்தது. சின்னப் படகு, முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. விடிந்ததும் அண்ணனும் தங்கையும் ஏரியின் நடுவுக்குப் போய்த் தூண்டில் போடுவார்கள். முன்பெல்லாம் அப்பாதான் அண்ணனோடு போவார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடம் சிட்டுவுக்கு வந்தது. இடத்தோடு அப்பாவின் தூண்டில் கழியும், அதன் அடியில் தொங்கும் பெரிய கறுப்பு ரீலும் வந்தன. ரீல் என்றால் தூண்டில் நரம்பை, அதாவது நைலான் நூலை, சுற்றி வைத்திருக்குமே, கைப்பிடியைச் சுழற்றினால் நரம்பை உள்ளே இழுக்குமே, அதுதான். வாரம் பூராவும் குனிந்து கால் பார்க்கிறவளுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க அந்த ஒரு நாள்தான் உண்டு. யாரும் அந்த நாளில் கை வைக்க அவள் விடமாட்டாள்.

ஆனால் ஒரு குறை. இத்தனை வருஷத்தில் அவள் தன் கையால் ஒரு மீனைக்கூடப் படகுக்குள் கொண்டுவந்ததில்லை. அப்பாவின் ரீல் கனம். நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டி வீச வேண்டும். அவள் விரலோ எட்டவே எட்டாது, எட்டி எட்டிக் கட்டைவிரல் அடியில் வலி பிடித்துக்கொள்ளும். வீசிய பிறகு கழியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, வலது கையால் சுழற்ற வேண்டும். அந்த மாற்றத்தில் ஒரு தடுமாற்றம். மீன் கடித்தவுடன் பின்னாலிருந்து அண்ணன் “குடு, குடு” என்று கையை நீட்டிவிடுவார். இவளும் கொடுத்துவிடுவாள். மீன் வரும். அண்ணன் பிடித்த மீன் என்று பெயராகும்.

ஒரு நாள் ஏரியிலிருந்து திரும்பிய அண்ணன், காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “சிட்டு, தப்பா எடுத்துக்காத. எங்க பட்டறையில வெல்டிங் பண்றாரே, அவரு படகுல வரேன்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கார்.”

“வரட்டுமே.”

“எங்க உக்கார வெக்கிறது? நீ சும்மா கழியைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கிற, மீன் வந்தா நான்தான் இழுக்கிறேன். ஒரே நேரத்துல ரெண்டு கழி நான் எப்படிப் பாக்குறது? அடுத்த மாசத்துல இருந்து அவரை வரச் சொல்லிட்டேன்.”

உள்ளேயிருந்து துடைக்கிற துண்டோடு வந்த அண்ணிதான் முந்திக்கொண்டு கேட்டாள். “ஏங்க, குடு குடுன்னு புடுங்கினது யாரு? அவளா கொண்டாந்து உங்க மடியில போட்டா?”

“அவளால முடியாதுடி. அந்தக் கையைப் பாரு.”

அந்த வார்த்தைதான் சுட்டது. “அண்ணா, அடுத்த லீவுக்கு நான் வரேன். ஒரு மீனை நானே உள்ள கொண்டுவரேன். கொண்டுவரலைன்னா வெல்டிங்காரர் வந்து உக்காந்துக்கட்டும். ஆனா நீ குடுன்னு வாயைத் திறக்கக் கூடாது” என்றாள் சிட்டு.

“சரி, பாப்போம்” என்றார் அண்ணன். பாப்போம் என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவும் சேர்ந்து சுட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் தூண்டில் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் முறம் முறமாகக் கை உள்ள மனுஷர். அவள் கையைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டி ரீலை எடுத்தார். “பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்கம்மா. சின்னக் கைக்குச் சின்ன ரீலு.” வெள்ளி நிறத்தில் மூக்குத்தி மாதிரி மின்னியது. சிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், இரண்டு சுற்றுச் சுற்றினாள். “சரியா இருக்கு, கட்டுங்க” என்றாள்.

ஆமாம், அவளேதான் அப்படிச் சொன்னாள். அவசரம் வந்தால் சொந்தச் சட்டம் கண்ணுக்குத் தெரியாது.

பெட்டிக்குள் கைப்பிடி தனியாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அப்பாவின் ரீலில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே வலது பக்கம் திருகினாள். சிட்டுவின் வீட்டுக்காரர் பேக்கரி வண்டி ஓட்டுகிறவர். தண்ணீரைக் குளிப்பதற்கு மட்டும் நம்புகிறவர். “நீங்கதான் மீன்” என்று சொல்லி, நரம்பு நுனியை ஈரத்துணி நிறைந்த வாளியில் கட்டி, வாளியை அவர் கையில் கொடுத்து, வராந்தாவின் அந்தக் கோடிக்கு அனுப்பினாள்.

“இழு பாப்போம். நான் பெரிய மீனு, சாமானியத்துல வரமாட்டேன்!” என்றார் அவர்.

“மீன் பேசாது. வாளியை விடுங்க.”

வாளி தரையில் உரசிக்கொண்டு நகர்ந்தது, பாதியில் நின்றது. கைப்பிடியின் நுனியில் பிடிக்கிற குமிழ் கொண்டைக்கடலை அளவுதான். அதை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துத்தான் சுற்ற முடிந்தது. கிள்ளிப் பிடித்த விரல் ரெண்டும் மரத்துப்போய், குமிழ் நழுவி, கைப்பிடி பின்னோக்கி வந்து மணிக்கட்டில் அடித்தது.

வீட்டுக்காரர் வந்து அவள் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். “ஊர்க் காலுக்கெல்லாம் நடக்க வெச்சுப் பாக்குற. உன் கைக்கு மட்டும் உக்காந்து வாங்கிட்டு வந்தியா?”

சிட்டு அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வலியோடு சிரித்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

அடுத்த முறை மதியத்தில் போகவில்லை. நாளெல்லாம் வேலை பார்த்து, ஷூ இறுக்கி, பெட்டி தூக்கி, கை நன்றாக அலுத்த பிறகு சாயங்காலம் போனாள். கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியதில் நடத்துநரோடு ஒரு சண்டை. கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது ரீல் இல்லை, தண்ணீர்.

“குடிக்கவாம்மா?”

“கை நனைக்க. ஏரியில காஞ்ச கையோடவா மீன் புடிக்கிறோம்? இந்தச் சின்ன ரீலைத் திருப்பி எடுத்துக்குங்க. கடையில இருக்கிறதை எல்லாம் கைப்பிடி வலது பக்கமா வெச்சு என் கழியில மாட்டிக் குடுங்க. ஒவ்வொண்ணா நடந்து பாக்கப்போறேன்.”

“ரீலை எப்படிம்மா நடந்து பாக்குறது?”

எப்படி என்று காட்டினாள். ஈயக் குண்டு நிறைந்த சாக்குப் பையை நடைபாதையில் வைக்கச் சொல்லி, நரம்பைக் கட்டி, கடை வாசலில் நின்று, வீசுகிற மாதிரி கழியை ஓங்கிவிட்டு இழுத்தாள். பை தரதரவென்று வந்தது. போகிற வருகிற சனமெல்லாம் நின்றது.

“என்னம்மா, ரோட்டுல என்ன மீன் மாட்டுது?” என்றார் ஒருத்தர்.

“வேலையில்லாம நிக்கிற மீனுதான்” என்றாள். அவர் நடையைக் கட்டினார்.

ஒன்று கனத்தது. ஒன்றில் விரல் எட்டவில்லை. இன்னொன்றில் எட்டியது, குமிழ் வழுக்கியது. கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார்; பிறகு அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது, பையை அவரே தூக்கிக்கொண்டுபோய் அந்தக் கோடியில் வைத்துவிட்டு வந்தார். அப்படி வரும்போதுதான் கவனித்தார்.

“அது ஏன் வீசினதும் கழியைக் கை மாத்துறீங்க?”

“சுத்தணுமே. கைப்பிடி வலது பக்கம்தானே இருக்கு? எல்லா ரீலையும் அப்படித்தானே மாட்டிக் குடுக்கச் சொன்னேன்.”

“நீங்க கேட்டீங்க, நான் மாட்டினேன். வலது கையால வீசுறவங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலை. எங்க அப்பாவோடது அப்படித்தான் இருந்துச்சு. அண்ணனோடதும் அப்படித்தான். அவங்க கை மாத்தவே மாட்டாங்க, ஏன்னா அவங்க…” என்று இழுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். “அவங்க ரெண்டு பேரும் இடது கைக்காரங்க.”

அந்த வீட்டில் கரண்டியிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் இடது கைக்குத்தான் இருந்தது. ரீலும் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தது என்று நினைத்து, வலது கைக்காரி ஒருத்தி இத்தனை வருஷம் கை மாற்றி மாற்றி மீனை விட்டிருக்கிறாள். கடைக்காரர் ஒரு பக்கத்து மூடியைத் திருகி, கைப்பிடியைக் கழற்றி, மறுபக்கம் செருகினார். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

“அப்ப எங்க அப்பா ரீலையும் இப்படி மாத்தினாப் போதுமா?” என்று ஆசையோடு கேட்டாள். கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுதான் வந்திருந்தாள். அதையும் மாற்றி மாட்டிப் பார்த்தார்கள். கை மாற்றுகிற தொல்லை போயிற்று. விரல் எட்டாதது எட்டாததுதான். அதை அவளே கழற்றி, துடைத்து, மறுபடி பைக்குள் வைத்தாள்.

கடைசியில் அமைந்த ரீல் சின்னதே இல்லை. நடுத்தரமான உடம்பு, ஆனால் எடை கம்மி. கழியோடு சேர்கிற தண்டு குட்டையாக இருந்ததால் அவள் விரல் நீட்டினதும் நரம்பைத் தொட்டது. கைப்பிடிக் குமிழோ எலுமிச்சம்பழம் போல உருண்டை, மெத்தென்று ரப்பர். கிள்ள வேண்டியதில்லை, உள்ளங்கை முழுக்க அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். சின்னக் கைக்குப் பெரிய குமிழ்தான் வேண்டியிருந்தது. நிறம் சேற்றுப் பச்சை, பார்க்க ஒன்றும் அழகில்லை. ஈரக் கையோடு, அலுத்த கையோடு, பையை ஒரே மூச்சில் காலடிக்குக் கொண்டுவந்தாள். இரண்டாவது தடவையும் கொண்டுவந்தாள். அப்புறம்தான், “இதைக் கட்டுங்க” என்றாள்.

லீவு நாள் வந்தது. அண்ணி எப்போதும் வராதவள், அன்று கரைக்கே வந்து நின்றுகொண்டாள். “கையை மடிச்சு வெச்சுக்கோங்க” என்று படகு கிளம்பும்வரை புருஷனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஏரி அசையாமல் கிடந்தது. சிட்டு வீசினாள், நரம்பு முன்பு போனதைவிடத் தள்ளிப் போய் விழுந்தது. அண்ணன் புருவத்தைத் தூக்கினார். நேரம் போயிற்று. வெயில் ஏறியது. அண்ணனுக்கு இரண்டு மீன் மாட்டியது, அவளுக்கு ஒன்றும் கடிக்கவில்லை. ரீல் சரியாக இருந்தால் ஆயிற்றா, மீனுக்கும் மனசு வர வேண்டாமா? அண்ணன் கரைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தபோது, அவள் கழி நுனி குனிந்தது.

வெடுக்கென்று ஓர் இழுப்பு. “கு…” என்று ஆரம்பித்து அண்ணன் வாயை மூடிக்கொண்டார். கை மட்டும் பழக்கத்தில் நீண்டுவிட்டது. கழி அவள் வலது கையிலேயே இருந்தது. இடது கை குமிழை அணைத்துப் பிடித்தது. மீன் படகுக்கு அடியில் ஓடப் பார்த்தது. சுற்றுவதை நிறுத்தி, கழியைத் தூக்கி, ஓட விட்டு, மறுபடி சுற்றினாள். கை எரிந்தது, நழுவவில்லை. அண்ணனின் நீண்ட கை இன்னும் காற்றிலேயே நின்றது, என்ன செய்வதென்று தெரியாமல்.

“அண்ணா, கையை வெச்சிட்டு என்ன பண்ற? வலையை எடு!”

எடுத்தார். தண்ணீர் கலங்கியது, மீன் ஒரு தரம் பளீரென்று புரண்டது, வலைக்குள் வந்தது. பெரிய மீன் என்று சொல்லமாட்டேன். நடுத்தரம்தான். ஆனால் படகுக்குள் அது துள்ளிய துள்ளலில் இரண்டு பேர் முகமும் நனைந்துபோயிற்று.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரீலைப் பார்த்தார். “கைப்பிடி ஏன் தப்பான பக்கம் இருக்கு?”

“உனக்குத்தான் தப்பு. எனக்கு இதான் சரி.”

அவருக்கும் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் தலையைச் சொறிந்துகொண்டார். “இத்தனை வருஷமா வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“நீயும்தான் பக்கத்துலயே உக்காந்திருந்த. உனக்குத் தெரிஞ்சுதா?”

கரையில் அண்ணி கையைத் தட்டுகிற சத்தம் தண்ணீர் மேல் வந்தது. துடுப்பைப் போட ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்தினார். “சரி, ஆனா வெல்டிங்காரருக்கு நான் என்னத்தைச் சொல்றது? வரச் சொல்லிட்டேனே.”

சிட்டு அடுத்த இரையை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அவரு வெல்டிங் பண்றவர்தானே? நடுவுல ஒரு சீட்டை அவரே செஞ்சு வெச்சுக்கட்டும்.”

ஈரக் கையால் குமிழைப் பிடித்து, மறுபடியும் வீசினாள்.